கருவிகள் மாறின; கடமை மாறிற்றா?

மாலை ஆறரை மணி. மும்பையின் மின்சார ரயிலில் நெருக்குண்டு நின்றவாறு வந்த கணவனும் மனைவியும் ஒரே நிலையத்தில் இறங்குகின்றனர். இருவரும் பட்டம் பெற்றவர். இருவரும் அலுவலகத்தில் பணிபுரிபவர். இருவருக்கும் அலுப்பு ஒன்றே. வீட்டுக் கதவு திறந்தவுடன் இருவர் வழியும் பிரிகின்றது. ஒருவர் முகம் கழுவிவிட்டு நாற்காலியில் அமர்கின்றார். மற்றவர் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பங்கரைக்குள் நுழைகின்றார். எவர் எங்கே சென்றார் என்பதை நான் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. படிப்போர் அனைவரும் அறிவர். சொல்லாமலே விளங்கும் அளவுக்கு ஒரு வழக்கம் வேரூன்றியிருக்குமாயின் அதற்கு ஒரு வரலாறு இருத்தல் வேண்டும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பண்டை இலக்கியம் காட்டும் அடுக்களை

சங்கப் பாடல்களில் அடுப்பின் புகை அருகியே எழுகின்றது. எழும் இடங்கள் மறக்க முடியாதவை. குறுந்தொகையின் 167-ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஒரு புதுமனைவியைக் காட்டுகின்றார். முற்றிய தயிரைத் தன் மெல்விரல்களால் பிசைகின்றாள் அவள். கை கழுவ நேரமின்றி அவ்விரல்களை ஆடையிலேயே துடைத்துக்கொள்கின்றாள். தாளிக்கும் புகை மையுண்ட கண்களில் நிறைகின்றது. தானே துழாவிச் சமைத்த புளிப்பைக் கணவன் இனிதென்று சொல்லி உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்கின்றது. மகளின் மனைவாழ்க்கையைக் கண்டுவந்த செவிலித்தாய் நற்றாய்க்கு மகிழ்ந்து உரைக்கும் செய்தி இது. அன்பின் பாடல் இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் உழைப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் பிசைந்தவள், துழாவியவள், புகையை ஏற்றவள் எல்லாம் அவளே; கணவன் தந்தது ஒரே ஒரு சொல்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலும் இத்தகைய காட்சி உண்டு. பெருஞ்செல்வர் மகளாகிய கண்ணகி மதுரைப் புறத்தே ஆயர் இல்லத்தில் காய் அரிகின்றாள். விரல் சிவக்கின்றது, முகம் வியர்க்கின்றது. கணவனை உண்பித்தபின், அவனைப் பிரிந்திருந்த நாளில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றைத் தான் இழந்ததைச் சொல்கின்றாள். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. விருந்தோம்பலை இல்வாழ்வானுக்குரிய அறமாக வள்ளுவர் வகுத்தார். ஆயின் அவ்வறத்துக்காக அடுப்பெரிப்பவள் இல்லாள். அவன் நீங்கினால் அறம் செய்யும் தகுதியும் அவளை விட்டு நீங்கிவிடுகின்றது. உழைப்பு அவளுடையது, அறத்தின் பெயர் அவனுடையது.

இதனால் அக்காலப் பெண்டிர் வீட்டிற்குள்ளேயே இருந்தனர் என்று முடிவு கட்டிவிடலாகாது. தினைப்புனம் காத்தோரும், மீன் விற்றோரும், நாற்று நட்டோரும் பெண்களே. சங்கப் புலவர் வரிசையிலும் முப்பதுக்கு மேற்பட்ட பெண்பாற் புலவர் உளர். பெண் வெளியே சென்று உழைப்பது இருபதாம் நூற்றாண்டின் புதுமை அன்று. உழவர் குடியிலும் பிற உழைக்கும் குடிகளிலும் அது என்றும் உள்ளதே. வயலில் நடவு முடித்துக் கரையேறிய பெண்ணுக்கு வீட்டில் அடுப்பு காத்திருந்தது. இன்று அலுவலகத்திலிருந்து திரும்பும் பெண் படும் இரட்டைச் சுமையை அவள் பல நூற்றாண்டுகளாகவே சுமந்துவந்தாள். அதனை நடுத்தர வகுப்பு இப்பொழுதுதான் கண்டுகொண்டது.

நளனும் பீமனும்

சமைத்தல் பெண்ணின் இயல்பு என்பார் உளர். அவர்களுக்கு நம் மொழியே விடை கூறும். சுவையான உணவை நளபாகம் என்கின்றோம், பீமபாகம் என்கின்றோம். இருவரும் ஆடவர்; இருவரும் அரச குலத்தினர். நாடிழந்த நளன் பிறிதோர் அரசனிடம் பணிபுரிந்தபோது சமையலில் வல்லவனாக விளங்கினான். விராடன் அரண்மனையில் மறைந்து வாழ்ந்த ஓராண்டும் பீமன் மடைத்தொழில் செய்தான். நம் பெருங்கோயில் மடைப்பள்ளிகளில் அமுது சமைப்போர் ஆடவர். திருமண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் பரிசாரகரும் பெரும்பாலும் ஆடவர். உணவு விடுதிகளில் தோசைக்கல்லின் முன் நிற்போரும் அவரே.

இவற்றை ஒருசேர நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். சமையலுக்கு ஊதியம் உண்டாயின், அல்லது புனிதமோ புகழோ உண்டாயின், அஃது ஆடவர் தொழிலாகின்றது. நாள்தோறும் மூன்று வேளை, ஊதியமின்றி, ஓய்வின்றிச் செய்ய வேண்டியதாயின் அது பெண்ணின் கடமையாகின்றது. ஆகவே இதனை வகுத்தது இயற்கை அன்று, வழக்கமே.

கல்வி வந்த வகை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கல்விக்காகக் குரல் கொடுத்த தமிழ்ச் சான்றோருள் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை முதன்மையானவர். 1869-ஆம் ஆண்டில் ‘பெண்மதி மாலை’ என்னும் நூலை இயற்றினார். 1879-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல். அதன் தலைவி ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே செவ்வனே ஆள்கின்றாள். ஆயினும் இறுதியில் அரியணையை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் குடும்பத்துக்குத் திரும்புகின்றாள். ஆளத் தெரிந்தவள் என்று காட்டிய ஆசிரியரும் அவள் இருப்பிடம் இல்லமே என்றுதான் கதையை முடித்தார்.

அக்காலச் சீர்திருத்தவாதியர் பலர் பெண்கல்விக்குக் கூறிய காரணம் ஒன்றே: படித்த பெண் வீட்டைச் செம்மையாக நடத்துவாள், பிள்ளைகளை நன்கு வளர்ப்பாள், கணவனுக்கு ஏற்ற துணையாவாள். எதிர்ப்பை வெல்ல அவ்வாறு சொல்ல வேண்டியிருந்தது என்பதை நாம் மறுக்க வேண்டா. ஆயின் அதனுள்ளே ஓர் ஒப்பந்தம் மறைந்திருந்தது. ‘படி, ஆனால் வீட்டு வேலையில் குறை வைக்காதே’ என்பதே அவ்வொப்பந்தம். பின்னர் மனையியல் என்றொரு துறையே தோன்றிற்று. 1932-இல் தில்லியில் லேடி இர்வின் கல்லூரியும், 1957-இல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியற் கல்லூரியும் எழுந்தன. ஊட்டச்சத்து, குழந்தை நலம் முதலிய அறிவுத் துறைகளை அவை வளர்த்தன. பல பெண்களுக்கு வேலைவாய்ப்பையும் தந்தன. எனினும் மனை இருபாலார்க்கும் உரியதாயிருக்க, மனையியலைப் பெண்களுக்கென்றே வகுத்ததேன் என்ற வினாவை அந்நாளில் எழுப்பியோர் சிலரே.

பாவேந்தர் கண்ட கனவு

இவ்வரலாற்றில் பாரதிதாசனின் ‘குடும்ப விளக்கு’ தனியிடம் பெறுவது. 1942-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற்பகுதி ஒரு பெண்ணின் ஒரு நாளைப் பாடுகின்றது. விடியுமுன் எழுகின்றாள், கோலமிடுகின்றாள், சமைக்கின்றாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றாள், பழுதுபட்ட பொருள்களைச் செப்பனிடுகின்றாள், மாமன் மாமியை உபசரிக்கின்றாள். தமிழில் ஒரு குடும்பத் தலைவியின் அன்றாட உழைப்பு காப்பியப் பொருளாகும் பெருமை பெற்றது அந்நூலில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

வியப்பு யாதெனில், இத்துணை வேலையையும் ஒருத்தி தோளில் ஏற்றிப் புகழ்ந்த அதே நூலின் பிறிதோரிடத்தில், சமையல் பெண்ணுக்கே உரிய கடமை என்பதைக் கவிஞர் மறுத்துரைக்கின்றார். அப்பணிகள் ஆடவருக்கும் ஏற்றவையே என்கின்றார். தமிழ்நாட்டில் எழுதாமலே நின்று நிலவும் அச்சட்டத்தை நீக்கும் வழி பெண்கல்வியே என்றும் நம்புகின்றார். எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கவிஞர் அவ்வளவு தெளிவாகக் கண்டார் என்பது நமக்குப் பெருமை. அந்நம்பிக்கை எவ்வளவு நிறைவேறியது என்று பார்த்தால் பெருமை சற்றே குறைகின்றது. கல்வி வந்தது; பட்டங்கள் வந்தன; பதவிகளும் வந்தன. எழுதாத அச்சட்டம் மட்டும் பெரிதும் மாறவில்லை. சட்டத்தை விதித்தவர்களும் அதனால் நலம் பெறுபவர்களும் தாமும் கற்க வேண்டியது ஒன்றுண்டு என்பதை நாம் மறந்ததே காரணம்.

அம்மி ஓய்ந்தது, அவள் ஓய்ந்தாளா?

கல்விக்கு அடுத்து நம்மை விடுவிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டவை கருவிகள். ஐம்பதுகளின் நடுவில் பம்பாயில் சமையல் எரிவாயு வழக்கத்துக்கு வந்தது. அதே காலத்தில் கோவையில் மின்சாரத்தால் மாவரைக்கும் கிரைண்டர் உருவாயிற்று. 1959-இல் பிரஷர் குக்கர் நம் நாட்டிலேயே தயாராகத் தொடங்கிற்று. 1963-இல் இம்மாநகரில் சத்திய பிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியாளர் ‘சுமீத்’ மிக்ஸியை உருவாக்கினார். அயல்நாட்டுக் கருவியொன்று நம் நாட்டு அரைப்புக்குத் தாங்காமல் பழுதுபட, மனைவியின் குறையைத் தீர்க்கவே அவர் இதில் இறங்கினார் என்பது அக்கருவியின் பிறப்பு பற்றிச் சொல்லப்படும் வரலாறு. தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டு முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை ஏழை எளிய குடும்பங்களுக்கு விலையின்றி வழங்கிற்று. அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறம் சென்றன. புகையில் எரிந்த கண்களும் குழவி இழுத்துக் காய்த்த கைகளும் பெற்ற ஆறுதலைச் சிறிதென்று எவரும் சொல்ல முடியாது.

ஆயின் கருவியால் மிச்சமான நேரம் எங்கே சென்றது? இட்லியும் தோசையும் ஒருகாலத்தில் பல வீடுகளில் தீபாவளிக்கும் விருந்தினர் வரும் நாளுக்கும் உரியவை. கிரைண்டர் வந்தபின் அவை அன்றாட உணவாயின. ஒரு குழம்பு போதும் என்றிருந்த இடத்தில் ஆளுக்கொரு சிற்றுண்டி கேட்கும் வழக்கம் வந்தது. சலவைத் தொழிலாளரிடம் சென்ற துணிகள் இயந்திரம் வந்ததும் வீட்டிற்கே திரும்பின. துவைப்பது இயந்திரமாயினும் பிரித்துப் போட்டு, உலர்த்தி, மடித்து வைப்பது அவளே. விறகு பிளத்தல் போன்று ஆடவர் செய்துவந்த வேலைகளோ எரிவாயு வந்ததும் அறவே மறைந்தன. அமெரிக்க இல்லங்களின் வரலாற்றை ஆராய்ந்த ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட நூலில் இதனையொத்த முடிவுக்கே வந்தார். வீட்டுக் கருவிகள் ஆடவரும் சிறுவரும் செய்துவந்த வேலைகளை நீக்கின. தாயின் வேலையை எளிதாக்கின, எனினும் எதிர்பார்ப்பை உயர்த்தி அவள் வேலை நேரத்தைக் குறையாமல் வைத்தன என்பது அவர் கண்ட உண்மை. கருவி வேலையின் கடுமையைக் குறைக்கும். அவ்வேலை எவருடையது என்பதைக் கருவியால் மாற்ற இயலாது.

நம் குடும்பங்களின் கதை

இனி, தாயகம் விட்டு இங்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களை நோக்குவோம். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிய முதல் தலைமுறை இளைஞர்களில் பலர் தனியாகவே வந்தனர். மாதுங்கா போன்ற பகுதிகளின் சிறு அறைகளில் நால்வர் ஐவராகத் தங்கினர். சிலர் உணவு விடுதிகளை நாடினர். சிலர் ஸ்டவ்வைப் பற்றவைத்து முறைபோட்டுச் சமைத்தனர். ஒருவர் சோறு வடித்தால் மற்றொருவர் பாத்திரம் துலக்கினார். அந்நாளைப் பற்றி அவர்கள் மகிழ்ச்சியுடன் பேசுவதை நாம் கேட்டிருக்கின்றோம். ஊரில் திருமணம் முடிந்து மனைவி வந்து சேர்ந்த நாளோடு அக்கைத்திறன் அவர்களை விட்டு அகன்றது! தெரியாமையால் அன்று, தேவையில்லாமையால்.

அவ்வாறு வந்த மணப்பெண்களின் பெட்டியில் பட்டுப்புடவையோடு ஒரு நூலும் இருந்தது. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ என்பதே அது. மாமியாரோ தாயோ அருகில் இல்லாத தொலைவில் முதன்முதலாகச் சாம்பார் வைத்த எத்துணையோ பெண்களுக்கு அந்நூல் தாயாக நின்று கைகொடுத்தது. தலைப்பு யாரையும் விலக்கவில்லை. படிப்போர் எவரையும் சமைத்துப் பார்க்கவே அழைக்கின்றது. எனினும் அதனை மணமகளுக்குப் பரிசளித்தோமேயன்றி மணமகனுக்குப் பரிசளித்தோம் இல்லை.

புலம்பெயர்ந்த வீட்டில் மற்றொரு பொறுப்பும் பெண்ணின்மேல் சேர்ந்தது. ஊரில் தெருவும் கோயிலும் பள்ளியும் சேர்ந்து சுமக்கும் பண்பாட்டை இங்கே ஒரு வீடு தனியே சுமக்க வேண்டும். பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லித் தருவது, கார்த்திகைக்கு விளக்கேற்றுவது, பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்கொத்தும் தேடிப் பிடிப்பது, மூன்றாம் மாடி வாசலிலும் கோலமிடுவது ஆகியவை எல்லாம் பெரும்பாலும் தாயின் கணக்கில் எழுதப்பட்டன. பிள்ளை தமிழ் பேசத் தடுமாறினால் ‘தாய் கவனிக்கவில்லை’ என்றே சுற்றம் சொல்லும். தமிழைக் காப்பது நம் அனைவருக்கும் கடமை என்று மேடையில் முழங்குகின்றோம். வீட்டில் அக்கடமையை ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகின்றோம்.

மும்பையில் வாழ்ந்து எழுதிவரும் அம்பை 1988-இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுதியின் பெயர் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. அப்பெயர் கொண்ட கதை ஒரு ராஜஸ்தானியக் குடும்பத்தில் நிகழ்கின்றது. பெரிய வீடு, அதன் மூலையில் இருளடைந்த சமையலறை, அவ்வறையை விரிவாக்கப் புதுமருமகள் சொல்லும் யோசனையை ஆடவர் பொருட்படுத்துவதில்லை. இடம் ராஜஸ்தானமாயினும் படிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு அது அயல்வீடாகத் தோன்றுவதில்லை.

கணக்கிலும் வழக்கிலும்

வீட்டு வேலைக்கு நாட்டின் கணக்கில் நெடுங்காலம் இடமில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டுப் பணியில் மட்டும் ஈடுபட்ட பெண்களை ‘உழைக்காதோர்’ என்னும் பிரிவில் சேர்த்துவந்தது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகள் இரவலர், சிறைவாசிகள் முதலியோருடன் ஒரே பிரிவில் வைக்கப்பட்டதை 2010-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகக் கண்டித்தது. 2023-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி வழங்கிய தீர்ப்பு நம் போன்றோர்க்கு இன்னும் நெருங்கியது. கணவர் வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரிலிருந்து குடும்பத்தை நடத்தினார். அவ்வாறு சேர்ந்த சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்பும் கலந்துள்ளது. ஆகவே அவருக்குச் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்னாது ‘உரிமைத் தொகை’ என்றே பெயரிட்டது.

இனி, நேரத்தின் கணக்கு. 2019-ஆம் ஆண்டில் நடுவண் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81.2 பேர், ஆண்கள் 26.1 பேர். அவ்வாறு ஈடுபட்டோருள் பெண்கள் செலவிட்ட நேரம் சராசரி 299 நிமிடம்; ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். 2024-ஆம் ஆண்டு ஆய்வில் பெண்களின் நேரம் 289 நிமிடம். ஆண்களின் நேரம் 88 நிமிடம். ஐந்தாண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழுமுன் ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருப்பதைக் காண்க. இருவருக்கும் இடைப்பட்ட வேறுபாடு 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடம் ஆயிற்று. ஐந்தாண்டில் நாம் நடந்த தொலைவு ஒரே ஒரு நிமிடம்!

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஒன்று தெளிவாகும். கல்வி, பதவி, கருவி ஆகிய மூன்றையும் நம் இல்லங்கள் வரவேற்றன. பெண்ணின் வீட்டுக் கடமைக்கு ஊறு நேராது என்னும் உறுதியின்மேல்தான் வரவேற்றன. எனவே அவை ஒவ்வொன்றும் அவள் பழைய சுமையின்மேல் புதியதாக ஏறினவேயன்றிப் பழையதை இறக்கவில்லை.

இக்கட்டை எங்கே அவிழ்ப்பது? நாம் அன்றாடம் வழங்கும் ஒரு சொல்லில் அதன் முடிச்சு இருக்கின்றது. கணவன் காய் நறுக்கினால், ‘மனைவிக்கு உதவி செய்கிறார்’ என்கின்றோம். மனைவி நறுக்கினால் எவருக்கும் உதவி செய்ததாகச் சொல்வதில்லை. உதவி என்பது பிறர் வேலையில் செய்வது. தான் உண்ணும் சோற்றுக்கும், தான் உடுக்கும் துணிக்கும், தான் பெற்ற பிள்ளைக்கும் ஒருவர் ‘உதவி’ செய்வது எங்ஙனம்? அச்சொல் நீங்கிப் ‘பொறுப்பு’ என்னும் சொல் வரும் நாளே பாவேந்தர் கண்ட கனவு நனவாகும் நாள்.

அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஒருகாலத்தில் நம் முன்னோர் அச்சிறு அறைகளில் முறைபோட்டுச் சமைத்தனரே, அந்த முறையை இன்றைய வீட்டிற்குள் கொணர்ந்தால் போதும். வரும் பொங்கல் விழாவில் நம் சங்கத்தில் பெண்கள் பானையைச் சுற்றி நிற்க, ஆடவர் மேடையைச் சுற்றி நிற்கும் காட்சி சற்றே மாறட்டும். சமையற் போட்டிக்கு ஆடவர் பெயரும், சொற்பொழிவுக்கு மகளிர் பெயரும் வரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரயிலிலிருந்து இறங்கி வீடு திரும்பும் பெற்றோரை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கும் நம் மகன், கதவு திறந்ததும் இருவரும் ஒரே திசையில் நடப்பதைக் காணட்டும். அவன் கற்கும் மனையியல் அதுவே.